வெயிலுக்கும் விலாசம் உண்டு!



உச்சிப்பொழுது. மார்ச் மாதத்து வெயில். தார்ரோடு தகிக்கிறது; தலை கொதிக்கிறது; தேநீர்க் கடைக்காரர்கூடத் தம் அடுப்பை விட்டு இரண்டடி தள்ளி நின்று துண்டால் விசிறிக்கொள்கிறார். நாய்கள் சாக்கடை ஓரம் சுருண்டு கிடக்கின்றன. அந்த நேரத்தில், எதிரே இருந்த அரசுப் பள்ளிக்கூடத்துத் திடலின் நட்டநடுவில் நான்கு பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். வாசல் கேட்டருகே நான்கு பேர். சைக்கிள் கொட்டகையிலே நான்கு பேர். வேப்பமரத்தடியிலும் குழாயடியிலும் இன்னும் சிலர்.

கோவைப் பக்கத்தில் மில்கள் நிறைந்த ஊர் அது. மாலையில்தான் பொதுக்கூட்டம். முற்பகலிலேயே போய் இறங்கிவிட்டேன். அழைத்துச் செல்ல வந்த தோழர் பஞ்சாலையில் ரிங் பிரேம் பகுதித் தொழிலாளி; இரவு ஷிப்டு முடித்து, இரண்டு மணி நேரமே கண்ணயர்ந்து, எழுந்து வந்திருந்தார். இருவரும் தேநீர்க் கடையிலே உட்கார்ந்திருந்தோம்.

"பார்த்தீரா தோழர், பிள்ளைகளை வெயிலில் நிறுத்தித் தண்டிக்கிறார்கள்! என்ன பெரிய குற்றம் செய்துவிட்டார்கள்?" என்று பொங்கினேன்.

பொங்கியதற்குக் காரணம் உண்டு. நான் படித்த பள்ளியிலே வெயில் என்பது பாடம் அல்ல, தண்டனை. 'ஓர் இடத்தின் தட்பவெப்பநிலையைத் தீர்மானிக்கும் காரணங்கள் எவை?' என்று ஆசிரியர் கேட்டார். அட்சரேகை என்றேன், உயரம் என்றேன், கடலிலிருந்து தூரம் என்றேன், நாலாவது நாக்கில் வரவில்லை. 'வெளியே போய் முட்டி போடு' என்றார். போட்டேன். வெயில் முதுகிலே, வெயிலைப் பற்றிய பாடமோ சுவருக்கு உள்ளே! நான் முட்டி போட்டிருந்த மணல் ஏன் அப்படிச் சுட்டது, நாலடி தள்ளியிருந்த புல்தரை ஏன் சுடவில்லை என்று அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். முழங்காலுக்குத் தெரிந்திருந்தது அது.

தோழர் சிரித்தார். "தண்டனை இல்லீங்க. புவியியல் வகுப்பு. என் மகளும் அங்கேதான் நிற்கிறாள், பாருங்கள்" என்றார். அவர் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். உள்ளே அழைத்துப் போனார்.

கண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். குழுவுக்கு நான்கு பேர். ஒருவர் கையில் கோலிலே கட்டிய வெப்பமானி, ஒருவர் கையில் கோல் நுனியிலே கட்டிய நூல், காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று பார்க்க, ஒருவர் குடை பிடிக்கிறார், ஒருவர் குறிக்கிறார். எல்லாக் கோல்களிலும் வெப்பமானி ஒரே உயரத்தில் கட்டப்பட்டிருக்கிறது. ஆசிரியை விசில் ஊதுகிறார். ஊதிய கணத்தில் எல்லாக் குழுவும் ஒரே சமயத்தில் அளவைப் படிக்கிறது.

"ஒரே சமயத்தில் எதற்கு?" என்றேன்.

"நேரம் மாறினால் சூடும் மாறுமுங்க. அப்புறம் இடத்தால் மாறியதா, நேரத்தால் மாறியதா என்று எப்படித் தெரியும்?" என்றாள் குறித்துக்கொண்டிருந்த பெண்.

"குடை எதற்கு? வெயிலை அளக்க வந்துவிட்டு வெயிலை மறைக்கிறீர்களே!"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வெயிலில் நேரே பிடித்தால் காற்றோட சூடு தெரியாதுங்கண்ணா. கண்ணாடியோட சூடுதான் தெரியும்!"

ஆயிரம் பேர் கூடிய மேடையிலே திணறாதவன், அந்த ஒரு வரியிலே திணறிப்போனேன். எத்தனை பேருக்குத் தெரியும் இது? 'இன்று 40 டிகிரி' என்று பத்திரிகையில் போடுகிறோமே, அது எங்கே அளந்த சூடு? வெயிலில் அல்ல. வெள்ளை வண்ணம் பூசி, காற்றுப் புகச் சாய்வுச் சட்டங்கள் அடித்து, தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், திறந்த புல்வெளியில் நிற்கும் ஒரு மரப்பெட்டிக்கு உள்ளே அளந்த சூடு. 1860களில் அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், ஸ்காட்லாந்து நாட்டில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். 'புதையல் தீவு' எழுதிய கதாசிரியரின் தகப்பனார். உலகம் முழுவதும் ஒரே விதமாக அளந்தால்தான் ஒப்பிட முடியும். ஆகவே பெட்டி தேவைதான். பெட்டியைக் குறை சொல்லவில்லை நான். ஆனால் தோழா, நீ அந்தப் பெட்டிக்குள்ளா குடியிருக்கிறாய்?

தகரத்துக்குக் கீழே குடியிருக்கிறாய். கல்நார் ஷீட்டுக்குக் கீழே பாய் விரிக்கிறாய். பாய்லருக்குப் பக்கத்தில் பணி. தாரை உருக்கி ஊற்றும் இடத்தில் வேலை. பெட்டி சொல்லும் டிகிரி வேறு, உன் தோல் சொல்லும் டிகிரி வேறு. அந்த வேறுபாட்டுக்குத்தான் புவியியல் நூல்கள் 'நுண்காலநிலை' என்று பெயர் வைத்திருக்கின்றன. பெயர் பெரிது, பொருள் எளிது. ஊருக்கு ஒரு வானிலை உண்டு. சந்துக்கு ஒரு வானிலை உண்டு. சுவரின் தெற்குப் பக்கத்துக்கு ஒன்று, வடக்குப் பக்கத்துக்கு வேறொன்று.

பஞ்சாங்கம், கத்திரி வெயில் பிறக்கும் நாளைச் சொல்லும். உன் கூரைக்குக் கீழே எத்தனை டிகிரி என்று சொல்லாது. அதை அந்தப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

அளக்கும் முன்பு ஆசிரியை ஒரு வேலை செய்தாராம். எந்த இடம் அதிகச் சூடு, எந்த இடம் குறைவு என்று ஒவ்வொருவரையும் முன்கூட்டியே எழுதச் சொன்னாராம். பெரும்பாலோர், திடலின் நடுப்பகுதிதான் கொதிக்கும், கொட்டகையிலே குளிர்ச்சி என்று எழுதியிருந்தார்கள். நியாயந்தானே? ஒன்று வெட்டவெளி, மற்றது நிழல்.

அளந்து பார்த்தால் கதை வேறு! திடலில் காற்று ஓடியது. நூல் கிடைமட்டமாகப் பறந்தது. கொட்டகையிலோ நூல் செத்த பாம்பாகத் தொங்கியது. மூன்று பக்கம் சுவர், மேலே தகரம், உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லை. வெப்பமானி திடலுக்குச் சளைக்காமல் கொட்டகையிலும் ஏறி நின்றது. சந்தேகம் தீரவில்லை ஒரு பையனுக்கு. கொரோனா நாட்களில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, வெப்பத் துப்பாக்கி, அது பள்ளி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்ததாம். அதை எடுத்து வந்திருந்தார்கள். உடம்புச் சூடு பார்க்கும் நிலையிலிருந்து பரப்புச் சூடு பார்க்கும் நிலைக்கு மாற்றிக்கொண்டு, வேப்பிலையை நோக்கி ஒரு முறை அழுத்தினான். தகரத்தின் அடிப்புறத்தை நோக்கி ஒரு முறை. இரண்டையும் பார்த்துவிட்டு, "இது நிழல் இல்லைடா, அடுப்பு!" என்றான். வாசலில் தார்ரோட்டை நோக்கி நீட்டியபோது கருவியே கைவிரித்துவிட்டது. அதன் எல்லைக்கு மேலே போய்விட்டது சூடு.

காரணத்தையும் பிள்ளைகளே பேசிக் கண்டுபிடித்தார்கள். தகரம் வெயிலை வாங்கி, கீழே நிற்பவன் தலைமேல் அனலாக இறக்குகிறது. வேம்போ வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக்குகிறது; ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நிழல் என்று ஒரே சொல்லால் இரண்டையும் அழைக்கிறோம்.

இங்கே ஒரு தகராறு. குழாயடிக் குழுவின் ஓர் அளவு மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே துள்ளி நின்றது. விசாரித்தால், அந்தப் பையன் வெப்பமானியின் குமிழை விரலால் பிடித்திருக்கிறான். அது அவன் கைச்சூடு! வெட்கப்பட்டு அழிக்கப் போனான். ஆசிரியை தடுத்தார். "அழிக்காதே. ஒரு கோடு போட்டு அடி. பக்கத்தில் காரணம் எழுது" என்றார். தவறிய கணக்கை மறைக்காமல், ஏன் தவறியது என்று எழுதிவைக்கும் வழக்கம் எங்கள் மேடைகளுக்கும் வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேண்டாம், அது வேறு கட்டுரை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் நெஞ்சைத் தொட்டது. கொட்டகைக் குழுவிலே இருந்த ஒரு பெண் கை உயர்த்தினாள். "டீச்சர், எங்க வீடும் இதே ஷீட்டுத்தான். அப்பா ராத்திரி ஷிப்டு. பகலில்தான் தூங்குவார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற தோழர், இரண்டு மணி நேரமே தூங்கிய கண்களைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

உடனே இன்னொரு பையன், "எங்க வீடு தார்சுங்க டீச்சர். ராத்திரி பத்து மணிக்கு மேலேதான் வேகும். ஷீட்டு வீட்டுக்காரங்க அப்போ நல்லாத் தூங்குவாங்க" என்றான். சண்டை மூண்டது: ஷீட்டா, தார்சா, எது கொடுமை? இரு பக்கமும் உண்மை இருந்தது. தகரம் மெல்லியது, வெயில் பட்டதும் சுடும், பொழுது சாய்ந்ததும் ஆறும். கான்கிரீட் தடித்தது, பகலெல்லாம் சூட்டைச் சேமித்து வைத்து, இரவிலே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். பகலில் உறங்கும் தொழிலாளிக்குத் தகரம் பகைவன். இரவில் உறங்கும் தொழிலாளிக்குக் காங்கிரீட் மச்சு பகைவன். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அந்தத் திடலிலே இரண்டு பிள்ளைகள் சண்டையிட்டதில் கற்றுக்கொண்டேன்.

வெப்பமானியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. அரசுச் சொத்தல்லவா! பேசி முடித்து, நாளைக்கு இருவர் என்று முறை வைத்துக் கொடுத்தார் ஆசிரியை. பகல் 2 மணிக்கு ஒன்று, இரவு 10 மணிக்கு ஒன்று என்று அளக்க வேண்டும். பள்ளி நாளில் பகல் 2 மணிக்கு யார் அளப்பது? அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வர வேண்டும்! இப்படி ஒன்பதாம் வகுப்புப் பாடம் சமையற்கட்டுக்குள் போய்விட்டது.

'இது என்ன விளையாட்டு, பரீட்சைக்கு உதவுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்திலே 16 வயதில் எழுதும் பொதுத் தேர்வில் புவியியலை எடுக்கும் மாணவன், வகுப்பறைக்கு வெளியே இரண்டு வேறுபட்ட இடங்களிலாவது களப்பணி செய்திருக்க வேண்டும் என்று 2016இல் தொடங்கிய பாடத்திட்டம் விதித்தது. பள்ளி வளாகத்தைச் சுற்றி வந்து, எங்கே காற்று, எங்கே சூடு, எங்கே பெஞ்சு போடலாம் என்று அளந்து வரைவது அங்கே பழகிப்போன பாடம். அவர்கள் குளிருக்கு ஒதுங்க இடம் தேடுகிறார்கள். நாம் வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடுகிறோம். பாடம் ஒன்றுதான்.

அந்த இங்கிலாந்தில்தான், நகரம் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்று முதன்முதலில் அளந்து காட்டினார் ஒருவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. மருந்துச் சரக்குத் தயாரிக்கும் தொழில் நடத்தியவர், லூக் ஹோவர்டு. மேகங்களுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. லண்டன் நகருக்குள்ளும் வெளியே நாட்டுப்புறத்திலும் ஆண்டுக்கணக்காக அளந்து 1818 முதல் நூலாக வெளியிட்டார். இரவிலே நகரம் நாட்டுப்புறத்தைவிட ஏறத்தாழ 3.7 பாரன்ஹீட் டிகிரி அதிகச் சூடு என்று கண்டார். கல்லும் செங்கல்லும் புகையும் சேர்ந்து செய்த வேலை.

மனிதன் கட்டியது குளிரையும் உண்டாக்கும். லண்டனுக்கு அருகே ரிக்மன்ஸ்வர்த் என்ற இடத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அதன் குறுக்கே ரயில்பாதைக்கு மண்மேடு போட்டார்கள். குளிர்ந்த காற்று கனமானது. இரவிலே தண்ணீர்போலப் பள்ளத்தை நோக்கி வடியும். வடிய வழியில்லாமல் மேடு அணைபோல் தடுத்தது. 1936 ஆகஸ்டு 29 அன்று விடியலில் அங்கே 1.1 டிகிரி, அன்று பகலிலேயே 29.4 டிகிரி! ஊட்டிக்குப் போனவர்கள் இதை வேறு வடிவில் பார்த்திருப்பீர்கள். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாவின் தாழ்ந்த புல்வெளியில் உறைபனி உப்புப் பூத்ததுபோல் படர்ந்திருக்கும். சரிவிலே சற்று மேலே இருக்கும் வீட்டு வாசலில் இராது.

தொழிலாளத் தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. அந்தப் பிள்ளைகளிடம் ஒரு பலகையில் இரண்டு வெப்பமானிகள் கட்டியிருந்தன. ஒன்றின் குமிழில் நனைத்த துணி சுற்றியிருந்தது. ஈரத்துணி காயக் காய அந்த வெப்பமானி இறங்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படி. காற்றிலே ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் துணி காயாது, வெப்பமானியும் இறங்காது. நம் உடம்பும் ஒரு மண்பானைதான். வியர்வை காய்ந்தால் குளிர்வோம், காயாவிட்டால் வேகுவோம்.

இந்தச் சின்னக் கருவிக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைகளிலே, நூல் அறாமல் இருக்க, கொட்டகைக்குள் பாய்லர் நீராவியைப் பாய்ச்சினார்கள். நூல் அறவில்லை, நெய்தவர்கள் நைந்தார்கள். நனைந்த உடையோடு வெளிக் குளிருக்குப் போனார்கள். நெசவாளர்கள் எதிர்த்தார்கள். 1889இல் பருத்தித் துணி ஆலைகள் சட்டம் வந்தது. இன்ன சூட்டுக்கு இவ்வளவு ஈரம்தான், அதை அளக்க உலர் வெப்பமானியும் ஈர வெப்பமானியும் கொட்டகையிலேயே மாட்ட வேண்டும் என்றது சட்டம். 'தாங்க முடியவில்லை' என்று தொழிலாளி சொன்னபோது, 'எல்லாம் உன் சோம்பேறித்தனம்' என்றான் முதலாளி. சுவரில் தொங்கிய கண்ணாடிக் குழாயை அப்படிச் சொல்ல முடியவில்லை! நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் 13ஆம் பிரிவிலும், செயற்கை ஈரப்பதத்தை 15ஆம் பிரிவிலும் பேசிற்று. எழுதிய சட்டத்துக்கும் எரியும் கொட்டகைக்கும் இடையே இருக்கும் தூரத்தை அளக்க ஒரு கருவியும், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

'வெயில் எல்லோருக்கும் பொது' என்று சொல்பவரைச் சற்று உற்றுப் பாருங்கள். ஏர்கண்டிஷன் அறையிலிருந்து சொல்வார். அந்தப் பெட்டியின் பின்புறம் கக்கும் அனல் எந்தச் சந்துக்குப் போகிறது என்று கேளுங்கள். அமெரிக்காவிலே 1930களில், நகரங்களின் வரைபடத்தில் கறுப்பர்களும் ஏழைகளும் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பால் குறித்து, இங்கே வீட்டுக் கடன் கொடுப்பது அபாயம் என்று வைத்தார்கள். 108 நகர்ப் பகுதிகளை ஆராய்ந்து 2020இல் ஒரு முடிவு வெளியாயிற்று. சிவப்புக் குறியிட்ட அந்தப் பகுதிகளின் தரை, மற்றப் பகுதிகளைவிடச் சராசரியாக ஏறத்தாழ 2.6 டிகிரி செல்சியஸ் அதிகச் சூடு! மரம் வைக்கவில்லை, தாரும் கான்கிரீட்டும் கொட்டினார்கள். பேனாவால் போட்ட கோடு, எண்பது ஆண்டு கழித்து வெப்பமானியில் தெரிகிறது.

நம் மாநிலத்தில், 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது அரசு. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் வெப்ப அலை என்று எப்போது சொல்வார்கள்? சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, இயல்பைவிட 4.5 டிகிரி அதிகம் என்பது வானிலைத் துறையின் கணக்கு. புல்வெளிப் பெட்டி 38 காட்டும் நாளில் வெப்ப அலை இல்லை. அதே நாளில் அந்தப் பெண்ணின் அப்பா படுத்திருக்கும் ஷீட்டுக்குக் கீழே என்ன காட்டும்? எந்த அலுவலகத்தின் ஏட்டிலும் அது இல்லை. ஒன்பதாம் வகுப்பு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

செலவென்ன ஆயிற்று? சில வெப்பமானிகள், கொஞ்சம் நூல், வீட்டிலிருந்து கொண்டுவந்த குடைகள், ஒரு விசில். பஸ் ஏறி எங்கோ உல்லாசப் பயணம் போகவில்லை. கேட்டிலிருந்து குழாயடி வரை நடந்தார்கள்.

வகுப்புக்குத் திரும்பியதும் பள்ளியின் வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் அளவை எழுதி, ஒத்த அளவுகளைக் கோட்டால் இணைத்தார்கள். வரைந்து முடிந்ததும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. மதிய உணவுக்கு வரிசையில் நிற்பது அந்தக் கொட்டகைப் பக்கம். வேப்பமரத்தடியிலோ ஆசிரியர்களின் இருசக்கர வண்டிகள். வண்டிகள் குளிர்ச்சியாக நின்றன. பிள்ளைகள் அனலில் நின்றார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான். தலைமையாசிரியர் படத்தைப் பார்த்தார்; தம் வண்டியையும் பார்த்தார்; மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கலாம் என்றார். அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை. என்ன முடிவாயிற்று என்று நான் ஊர் திரும்பும்வரை தெரியாது.

மணியடித்தது. பிள்ளைகள் கலைந்தார்கள். கூட்டத்துக்கு நேரமாகிறது என்று தோழரைத் தேடினேன். காணோம். திரும்பிப் போய்ப் பார்த்தால், வராந்தாவிலே அந்த ஷீட்டு வீட்டுப் பெண்ணின் எதிரில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் இரட்டை வெப்பமானிப் பலகை. இந்தத் துணியை எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை நனைக்க வேண்டும், எத்தனை நிமிடம் விசிற வேண்டும், கடையில் என்ன விலை இருக்கும், சட்டைப் பைக்குள் நிற்குமா என்று அடுக்கடுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். ரிங் பிரேம் பகுதியில் மூன்றாவது வரிசைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறதாம். அங்கேதான் அவருக்குக் கேள்வி.

அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு சட்டென்று அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"குமிழைத் தொடாதீங்க மாமா! அப்புறம் அது உங்க சூடு ஆயிரும்."